வீடு பள்ளியாகும்போது: பூத்தொழில் கற்பிக்கும் தலித் பெண்களும் குலத்தொழிலின் நிழலும்

பூக்கட்டும் பெண்களைப் பற்றி எழுதப்படுபவற்றில் வறுமை இருக்கும், விடியற்காலைச் சந்தை இருக்கும், நார் அறுத்த விரல்கள் இருக்கும். அப்பெண்கள் ஓர் அறிவை உடையவர்கள், அதைப் பிறர்க்குக் கற்பித்துக் கட்டணம் பெறத் தகுதியுடையவர்கள் என்ற செய்தி மட்டும் பெரும்பாலும் இராது. திருமண மேடை, வளைகாப்பு நாற்காலி, பூத்தைத்த சடை, மாற்றுமாலை என மலர் அலங்காரம் இன்று பெருஞ்செலவினமாக வளர்ந்துவிட்டது. அதைக் கற்க விரும்புவோரும் பெருகியுள்ளனர். வீட்டு முன்னறையில் பாய் விரித்து வகுப்பு நடத்தும் பெண்கள் நகரங்களிலும் சிற்றூர்களிலும் உள்ளனர். அவர்களுள் தலித் பெண்களும் உண்டு. "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்னும் விளம்பர மொழி இவர்களுடைய தொழிலை எளிதானதாகக் காட்டுகிறது. எந்த வீடு, யாருடைய நேரம், கற்பிக்கும் உரிமையை யார் வழங்குகிறார்கள் என்னும் மூன்று கேள்விகளையும் அம்மொழி மறைத்துவிடுகிறது. இக்கட்டுரையில் அவற்றையே நாம் ஆராய விரும்புகிறோம்.

முதலில் இத்தொழிலின் படிநிலையைப் புரிந்துகொள்வோம். கீழ்ப்படியில் இருப்பது கூலிக்குத் தொடுத்தல். வியாபாரி உதிரிப்பூவையும் வாழைநாரையும் அல்லது நூலையும் வீட்டுக்கு அனுப்புவார். கட்டிய சரத்தை எடைக் கணக்கிலோ முழக் கணக்கிலோ எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பார். மல்லிகை விடியுமுன் மொட்டாகப் பறிக்கப்படுவது. அன்று மாலையே விரிந்துவிடும். எனவே அவசரம் முழுவதும் தொடுப்பவர் தலையில் விழுகிறது. பூவின் விலை முகூர்த்த நாளில் பன்மடங்கு ஏறினாலும் தொடுகூலி அவ்வாறு ஏறுவதில்லை. தொழிலாளர் சட்டத்தின் முன் நிறுத்துவதற்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்கும் ஏற்பாடு.

அதற்கு மேற்படி அலங்காரம். இங்கே லாபம் உண்டு. ஆனால் சட்டகங்கள், பஞ்சுக்கட்டிகள், ஓசூரிலிருந்து வரும் ரோஜாவும் ஜெர்பராவும், வண்டி, இரவு முழுதும் மண்டபத்தில் நிற்கும் ஆட்கள் என முதலீடு வேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேடை கட்டத் தொடங்கி விடியுமுன் முடிக்கும் வேலைக்குக் குழந்தையுடைய பெண்ணால் எளிதில் செல்ல இயலாது. ஆகவே இப்படி பெரும்பாலும் ஆண்களிடமும் கையில் முதல் உள்ளவர்களிடமும் இருக்கிறது.

மூன்றாவது படி கற்பித்தல். இதற்கு முதலீடு மிகக் குறைவு. நேரத்தை ஓரளவு கற்பிப்பவரே தீர்மானிக்கலாம். பூ வாடினாலும் அறிவு வாடுவதில்லை. சமூகப் பார்வையில் நிகழும் மாற்றம் வருமானத்தினும் முக்கியமானது. தொடுப்பவரை ஊர் "பூக்காரம்மா" என்றழைக்கும். கற்பிப்பவரை "டீச்சர்" என்றோ "மேடம்" என்றோதான் அழைத்தாக வேண்டும். கையின் உழைப்பைச் சாதி தாராளமாக ஏற்றுக்கொள்ளும். அந்தக் கைக்குரியவர் முன்னால் மாணவராக அமரத்தான் அது தயங்கும். இந்த மூன்றாம் படிக்கு ஏறுவதில் தலித் பெண்கள் எதிர்கொள்ளும் தடைகளைத் தனிமனிதத் திறமைக் குறைவாக நாம் கருதாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

வீடு ஒரு பள்ளியாக வேண்டும் என்ற கருத்து தமிழகத்துக்குப் புதிதன்று. 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அத்திட்டத்தின் சிக்கல் தொழிற்கல்வி என்பதன்று. எந்த வீட்டில் பிறந்தாயோ அந்த வீட்டுத் தொழிலே உன் பாடம் என்றதுதான் சிக்கல். சாதி என்பது தொழிலைப் பகுப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே அடுக்குகளாகப் பகுக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கிய உண்மையின் பாடத்திட்ட வடிவம் அது.

எழுபதாண்டுகளுக்குப் பின் அதே சொற்கள் வேறு உடையில் வந்தன. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிடுகிறது. மாலை கட்டுவோர் அதில் இடம்பெற்றுள்ளனர். தச்சர், கொத்தனார், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர், காலணி செய்வோரும் உள்ளனர். பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சமும் பின்னர் இரண்டு லட்சமும் ஈடில்லாக் கடன் என்பவை அதன் பயன்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் "குடும்பம் சார்ந்த மரபுத் தொழில்" என்பது அதன் வரையறை. குரு-சிஷ்ய மரபைக் காப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். சாதிச் சான்றிதழ் கேட்கவில்லையே என்பர். குடும்ப மரபைக் கேட்டால் சாதியைத் தனியே கேட்க வேண்டிய தேவை இந்நாட்டில் ஏது?

தமிழ்நாடு அரசு மூன்று மாற்றங்களைக் கோரியது. குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்க வேண்டும்; குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்த வேண்டும்; ஊராட்சித் தலைவருக்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலர் சரிபார்க்க வேண்டும். இவை ஏற்கப்படாத நிலையில், திட்டத்தை அதன் தற்போதைய வடிவில் செயல்படுத்த இயலாதென முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2024 நவம்பர் 27 அன்று ஒன்றிய அமைச்சருக்கு எழுதினார். 2025இல் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது: 25 வகைத் தொழில்கள், குடும்ப மரபு என்ற நிபந்தனை கிடையாது, 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு (உச்சவரம்பு 50,000 ரூபாய்) மானியம், 5 விழுக்காடு வரை வட்டி மானியம்.

இவ்விவாதத்தில் ஊடகங்கள் அதிகம் கவனிக்காத ஒரு விதியைச் சுட்ட விரும்புகிறோம். விஸ்வகர்மா திட்டத்தில் ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பயன்பெறலாம்; குடும்பம் என்பது கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். கணவர் கொத்தனாராகப் பதிந்துவிட்டால், அதே வீட்டில் மாலை கட்டும் மனைவி பதிய முடியாது. திறனை முன்னோரிடமிருந்து பெற்றதாகக் காட்டக் குடும்பம் வேண்டும்; திறனுக்குரிய பயனைப் பெறும்போது அதே குடும்பம் பெண்ணுக்குத் தடையாகும். விதியில் "பெண்" என்ற சொல்லே இல்லை. எனினும் வரிசையில் யார் முதலில் நிற்பார் என்பது நமக்குத் தெரிந்ததே.

கற்பிக்கும் உரிமையை ஒரு குடும்பத்தின் சொத்தாக்கினால் என்ன நிகழும் என்பதற்கு மலர்க்கலையிலேயே ஓர் அயல்நாட்டு எடுத்துக்காட்டு உண்டு. அது ஜப்பானின் இக்கெபானா. கியோத்தோவின் ரொக்காக்குதோ ஆலயத்தில் தோன்றிய இக்கெனோபோ அதன் மிகப் பழைய மரபு. அம்மரபின் துறவி ஒருவர் மலர் அடுக்கியதைக் குறிக்கும் பதிவு 1462ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொரு மரபுக்கும் 'இயெமோத்தோ' எனப்படும் தலைமைக் குடும்பம் உண்டு. தலைமை பரம்பரையாக வரும். மாணவர் ஒவ்வொரு நிலையைக் கடக்கும்போதும் சான்றிதழுக்குக் கட்டணம் செலுத்துவார். அதை வழங்குவது தலைமைக் குடும்பமே. வகுப்பெடுக்கும் ஆசிரியர் தம் பெயரில் சான்றிதழ் தர இயலாது.

ஆயினும் இம்முறை பெண்களுக்கு ஒரு வழியைத் திறந்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பெருமளவு ஆண்களின் கலையாக இருந்த இக்கெபானா, மெய்ஜி காலத்துப் பெண்கள் பள்ளிகள் வழியே பெண்களிடம் வந்தது. கற்பிக்கும் உரிமம் பெற்ற பெண் தம் வீட்டு அறையிலேயே மாணவியரைச் சேர்த்து, மதிப்பு குன்றாமல் வருவாய் ஈட்ட முடிந்தது. வெளிவேலைக்குச் செல்வது தாழ்வாகக் கருதப்பட்ட நடுத்தரக் குடும்பங்களில் இது சிறிய செய்தியன்று. அதே வேளையில், மாணவரும் ஆசிரியரும் பெரும்பாலும் பெண்களே என்றான பிறகும், இக்கெனோபோவின் தலைமை 45ஆம் தலைமுறை வரை ஆண்களிடமே இருந்துவருகிறது. பெண்களின் கட்டணமே மேலேறிச் செல்கிறது.

இதற்கு அண்டைக் கலையான தோட்டக்கலையில் இன்னொரு வரலாறு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஷோகுன் அஷிக்காகா யோஷிமசாவின் பெருமதிப்பைப் பெற்ற தோட்டக் கலைஞர் ஜென்னாமி, 'கவாராமோனோ' எனப்பட்ட ஆற்றங்கரை மக்களைச் சேர்ந்தவர். ஜப்பானியச் சமூகம் தீண்டத்தகாதவராக ஒதுக்கிவைத்த மக்கள் அவர்கள். அவருடைய பேரன் தம் பிறப்பைக் குறித்து வருந்தியதை அக்காலப் புத்தத் துறவி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். உயர்குடியினர் தோட்டத்தைப் போற்றினர். அதைச் செய்தவரின் பிறப்பை மன்னிக்கவில்லை. ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களின் விடுதலை இயக்கமான சுய்ஹெய்ஷா, 1922 மார்ச் 3 அன்று அதே கியோத்தோ நகரில்தான் தொடங்கப்பட்டது.

நம் ஊரில் கோயில் மாலைக்கட்டு வேறு பெயர்களில் இதே தர்க்கத்தைக் கொண்டது. சுவாமிக்குச் சாத்தும் மாலையைக் கட்டும் பணி குறிப்பிட்ட சமூகத்தாரின் பரம்பரை ஊழியமாகப் பல கோயில்களில் இருந்துவந்தது. அறநிலையத் துறைச் சட்டத்தில் 1970 இறுதியில் செய்யப்பட்டு 1971இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், முந்தைய ஊழியரின் வாரிசு என்ற ஒன்றையே காரணமாகக் காட்டிப் பணி கோர முடியாதென்றது; சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அர்ச்சகர் குறித்த விவாதத்தில் மட்டும் இத்தீர்ப்பு நினைவுகூரப்படுகிறது. பூக்கட்டும் பணிக்கும் பரம்பரை உரிமை இல்லை என்னும் பகுதியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்பின்னணியில் பார்த்தால், தலித் பெண் ஒருவர் தம் முன்னறையில் யார் வந்தாலும் கற்பிப்பேன் என்று பலகை வைப்பது குலக்கல்வியின் நேர்த் தலைகீழ். அங்கே வீடு பிறப்பைக் கற்பித்தது. இங்கே பிறப்பைக் கேளாமல் வீடு கற்பிக்கிறது. ஆனால் அவ்வீட்டுக்குள் பெண்ணின் நேரம் யாருடையது?

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களையும் ஆண்கள் 88 நிமிடங்களையும் அதில் செலவிடுகின்றனர். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வகுப்பு இந்த ஐந்து மணியைச் சுற்றித்தான் அமைய வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் முற்பகல் பதினொன்று முதல் ஒன்று வரை என்பது பெரும்பாலோர் கண்டறியும் இடைவெளி. அது மாணவியருக்கும் ஏற்றது. அவர்களும் அதே ஐந்து மணியைச் சுமப்பவர்களே.

நாள்காட்டியும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் பூ விலை எட்டாது. அலங்கார வேலையும் அப்போதுதான் வரும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் இல்லை; வேலை குறையும். புதிய வகுப்பைத் தொடங்க இவையே தக்க மாதங்கள், மார்கழிக் குளிரில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறுவதை மட்டும் நினைவிற்கொண்டால் போதும். தொடக்கப் பாடத்துக்கு மல்லிகை வேண்டியதுமில்லை. இருபுறமும் இரண்டிரண்டாகப் பூவை வைத்து நாரைச் சுழற்றி இறுக்கும் அடிப்படை முடிச்சைத் துளசியிலும் சம்பங்கியிலும் பழகலாம். சாமந்தியில் மாலைக் கோப்பு. விரல் பதமான பின் மல்லிகைச் சரம், இறுதியில் சடைத் தையல். வாடிய பூ ஒரு பாடத்தின் தோல்வியாகாது. இறுக்கம் போதாமல் உதிர்ந்த சரத்தை மறுநாள் காட்டுவதும் பாடமே.

கட்டணத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். பெண்கள் அதிகம் இழப்பது இங்கேதான். ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் போட்டுப் பார்ப்போம். எட்டு மாணவியர், பத்து வகுப்புகள், ஆளுக்கு 2,000 ரூபாய் என்றால் வரவு 16,000. வகுப்பொன்றுக்கு ஒருவருக்கு 60 ரூபாய்ப் பூ என்றால் 4,800. நார், ஊசி, நூல், பயணம் 700. மிச்சம் 10,500 ரூபாய். கற்பிக்கும் நேரம் 20 மணி. சந்தைக்குப் போய்வருதல், பூ ஆய்தல், கூட்டிப் பெருக்குதல், தொலைபேசியில் விளக்கம் சொல்லுதல் ஆகியவற்றுக்கு இன்னும் 25 மணி. ஆக 45 மணிக்கு, மணிக்கு ஏறத்தாழ 233 ரூபாய். இப்போது "வீட்டில்தானே நடத்துகிறாய், எதற்கு இவ்வளவு" என்ற பேச்சுக்கு இணங்கிக் கட்டணத்தை 800 ஆக்குவோம். வரவு 6,400, செலவு அதே 5,500, மிச்சம் 900. மணிக்கு 20 ரூபாய். கூலிக்குப் பூத்தொடுக்கும் படிக்கே திரும்பிவிட்டோம். வீட்டில் செய்யும் எதற்கும் விலையில்லை என்னும் நம்பிக்கை, பிறர் மனத்தில் இருப்பதைவிடப் பெண்ணின் மனத்தில் ஆழமாக இருந்தால், கணக்குப் புத்தகம் அதை வெளிப்படுத்திவிடும். சந்தைக்குக் கணவர் போய்வருவாரானால் அந்நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும். அது உதவி என்ற பெயரில் கரைந்துபோகக் கூடாது, அவருடையதும்தான்.

சான்றிதழ் குறித்து ஜப்பானிய அனுபவம் கற்பிப்பது தெளிவு. தனியார் பயிற்சி நிலையங்கள் சில, தம் பெயரைப் பயன்படுத்திக் கற்பிக்க உரிமம் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்கின்றன. அந்தப் பெயருக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று அறியாமல் கடன் வாங்கிக் கட்டுவது அறிவன்று. உத்யம் பதிவு இலவசம். தம் தொழிற்பெயரில் பதிந்துகொண்டு, என்னென்ன கற்பிக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் என்பதை எழுதித் தம் கையெழுத்தில் சான்று தரலாம். அரசு அங்கீகாரமுள்ள சான்று வேண்டுமென்போருக்கு, முறைசாரா வழியில் கற்ற திறனைத் தேர்வு வைத்து ஏற்கும் ஆர்.பி.எல். முறை உள்ளது, அதற்குக் குடும்ப மரபு கேட்கப்படுவதில்லை.

முதலீட்டுக்கு வருவோம். கலைஞர் கைவினைத் திட்டத்தின் 35 வயது வரம்புக்கு நியாயம் உண்டு: பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கல்லூரியிலிருந்து பிரித்துத் தந்தையின் தொழிலுக்குள் தள்ளாமலிருப்பது. ஆனால் பட்டம் முடித்து, தம் குடும்பத்தில் யாரும் செய்யாத மலர்க்கலையைத் தாமே தேர்ந்து கற்பிக்க விரும்பும் 24 வயதுத் தலித் பெண்ணுக்கு அவ்வரம்பு பொருந்தாது. அவர் தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தை நாடலாம்: 18 முதல் 55 வயது வரை, திட்டத் தொகையில் 35 விழுக்காடு அல்லது 3.5 லட்சம் ரூபாய், இவற்றில் குறைவானது மானியம். 6 விழுக்காடு வட்டி மானியம். மானியம் அறிவிக்கப்படுவது வேறு, வங்கி மேலாளர் கடன் தருவது வேறு. வருகைப் பதிவேடும் ரசீதுப் புத்தகமும் ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் அம்மேசையில் பேச்சு மாறுகிறது. மாணவர் அமைப்புகள் உதவக்கூடிய இடம் இது. விண்ணப்பம் எழுதவும் உடன் செல்லவும் ஆள் இருந்தால் பாதித் தடை நீங்கும்.

இறுதியாக வாசற்படி. விசாரிக்க அழைப்பவர் "எந்தத் தெரு?" என்று கேட்பார். காலனி என்ற சொல் வந்ததும் "பிறகு சொல்கிறேன்" என்பார். வாடகைக்குப் போனால் வீட்டுக்காரர் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பார். சிலர் முகவரியைச் சொல்லாமல் இணையவழி வகுப்பு மட்டும் நடத்துகின்றனர். பிழைக்கும் வழியைத் தேர்ந்தவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. சிலர் சமுதாயக் கூடத்தையோ நூலகத்தையோ பொதுவிடமாகக் கேட்டுப் பெறுகின்றனர். உள்ளாட்சி மன்றங்கள் வாரத்தில் இரு முற்பகல்களுக்கு அவ்விடங்களைத் திறந்துவிடுவது பெருஞ்செலவில்லாத செயல். கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

ஒருவர் வராமல் போவது வேறு, ஊர் கூடி யாரும் போகக் கூடாதென்று தடுப்பது வேறு. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் அவற்றுக்கான மிரட்டலையும் பிரிவு 3(1)(இசட்சி) இன் கீழ்க் குற்றமாக்கியுள்ளது. பொதுமக்கள் அனைவருக்கும் உரிய தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் தடுப்பது பிரிவு 3(1)(இசட்ஏ) இன் கீழ் வரும். சேர்ந்த மாணவியர் ஒரே வாரத்தில் ஒருவர் பின் ஒருவராக விலகினால் தேதி, அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, திருப்பித் தந்த பணத்துக்கான ரசீது ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். புகார் எழுதும் நாளில் வழக்கறிஞர் முதலில் கேட்பவை அவையே.